கைத்துப்பாக்கியின் எடையும் சமநிலையும்: சிங்கப்பூர்ப் போட்டியாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பயிற்சி முடிய இருபது நிமிடம் இருந்தபோது, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் மாணவி ஒருவர் தம் காற்றுக் கைத்துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, வலது மணிக்கட்டை இடது கையால் நீவிக்கொண்டே, "அண்ணா, முனை கையைக் கீழ இழுக்குது. எனக்கு எடை குறைஞ்ச துப்பாக்கி வேணும்" என்றார். அதை எடை போட்டுப் பார்த்தோம், 985 கிராம். "இதுதான் லேசா இருக்கு" என்று அவர் சுட்டிக்காட்டிய மன்றத்தின் மற்றொரு துப்பாக்கியையும் தராசில் வைத்தோம். அது 1,040 கிராம் இருந்தது. 55 கிராம் கூடுதலான துப்பாக்கி அவர் கைக்கு லேசாகப் பட்டதற்குக் காரணம், அதன் எடையில் பெரும்பகுதி கைப்பிடியை ஒட்டியே இருந்ததுதான். எடை எவ்வளவு என்பதைக் காட்டிலும் அது எங்கே இருக்கிறது என்பதே மதிப்பெண்ணை அதிகம் தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த வழிகாட்டி முழுவதும் அதைச் சுற்றியே அமைந்துள்ளது.

மணிக்கட்டின் கணக்கு

ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தை உள்ளங்கையில் ஏந்துவது எளிது. அதே ஒரு கிலோ எடையுள்ள இரும்புத் தோசைக்கல்லை அதன் நீண்ட காம்பின் கடைசியில் பிடித்துத் தூக்கினால் மணிக்கட்டு உடனே முறையிடும். இரண்டிலும் தோள் சுமப்பது ஏறத்தாழ ஒன்றுதான். மணிக்கட்டு சுமப்பதுதான் வேறு.

இதை எண்களில் பார்ப்போம். துப்பாக்கி 1,000 கிராம் என்றும், அதன் ஈர்ப்பு மையம் மணிக்கட்டிலிருந்து 9 செ.மீ. முன்னால் இருக்கிறது என்றும் கொள்வோம். மணிக்கட்டின் மீது விழும் திருப்பம், அதாவது எடையையும் தொலைவையும் பெருக்கினால் வருவது, 9,000 கிராம்-செ.மீ. இப்போது குழலின் முனைப்பக்கம், மணிக்கட்டிலிருந்து 25 செ.மீ. தொலைவில் 50 கிராம் எடைத்துண்டு ஒன்றைப் பொருத்தினால், 1,250 கிராம்-செ.மீ. கூடுகிறது. தோளுக்கோ கணக்கு வேறு. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் கை சுமார் 3.5 கிலோ இருக்கும். அதன் மையம் தோளிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ.; மணிக்கட்டு 60 செ.மீ. இவற்றை வைத்துப் பெருக்கிப் பார்த்தால், அதே 50 கிராமால் தோளின் சுமை 2.5 சதவீதம் அளவுக்கே கூடுகிறது. தராசு 5 சதவீதம் என்கிறது, தோள் 2.5 என்கிறது, மணிக்கட்டு 14 என்கிறது. இந்த மூன்று எண்களும் மனத்தில் நின்றுவிட்டால் பின்வரும் படிகள் எல்லாம் எளிதில் விளங்கும்.

மணிக்கட்டுக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் குறிபார்க்கும் முறையிலேயே இருக்கிறது. கை முழுவதும் இணையாக 1 மில்லிமீட்டர் விலகினால் குண்டும் 1 மில்லிமீட்டர்தான் விலகும். மணிக்கட்டு வளைந்து முன்குறி (குழல் முனையிலுள்ள குறி) பின்குறியின் (கைப்பக்கத்திலுள்ள குறி) பள்ளத்திலிருந்து 1 மில்லிமீட்டர் விலகினாலோ, இரு குறிகளுக்கும் இடையே 320 மி.மீ. தூரமுள்ள காற்றுக் கைத்துப்பாக்கியில், 10 மீட்டர் தொலைவில் அது 31 மில்லிமீட்டராகப் பெருகுகிறது. அந்த இலக்கில் 10 மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 11.5 மி.மீ.; வட்டத்துக்கு வட்டம் 8 மி.மீ. இடைவெளி. ஆக, கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் ஒரு கோணப்பிழை கிட்டத்தட்ட நான்கு வட்டங்களைத் தின்றுவிடுகிறது. கை ஆடுவதை மன்னிக்கும் இலக்கு மணிக்கட்டு மடங்குவதை மன்னிப்பதில்லை.

இன்னொரு பண்பையும் இங்கே சொல்ல வேண்டும். துப்பாக்கி திரும்புவதை எதிர்க்கும் அதன் நிலைமம், தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஓர் எடைத்துண்டை 10 செ.மீ. தொலைவிலிருந்து 20 செ.மீ.க்கு நகர்த்தினால் மணிக்கட்டின் சுமை இரண்டு மடங்காகும்; அத்துண்டு தரும் நிலைமமோ நான்கு மடங்காகும். நலமாக உள்ள எவருடைய கையிலும் நொடிக்கு 8 முதல் 12 முறை அதிரும் மெல்லிய நடுக்கம் இருக்கும். முனையில் எடை இருந்தால் அந்த நடுக்கம் முன்குறியை எளிதில் அசைக்க முடியாது. முனையில் எடை சேர்ப்பதால் கிடைக்கும் நன்மையும் தொல்லையும் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன.

முதல் படி: பாதுகாப்பும் விதிகளின் எல்லையும்

சிங்கப்பூரில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதமாகவே கருதப்படுகிறது. உரிமமும் மன்றத்தின் மேற்பார்வையும் இல்லாமல் அதைத் தொட முடியாது. பழைய சுவா சூ காங் சாலையிலுள்ள தேசியத் துப்பாக்கி சுடுதல் நிலையமாக இருந்தாலும், யீஷூன் சாஃப்ராவின் காற்றுத் துப்பாக்கித் தளமாக இருந்தாலும், துப்பாக்கி நம் கைக்கு வருவது பயிற்சி நேரத்தில் மட்டுமே. மற்ற நாடுகளில் வீட்டிலேயே துப்பாக்கியை வைத்துக்கொண்டு மாலைதோறும் எடையை மாற்றிப் பார்க்கும் போட்டியாளர்களின் அறிவுரை நமக்கு அப்படியே பொருந்தாததற்கு இதுவே காரணம். நமக்குக் கிடைப்பது வாரத்தில் சில மணி நேரம். அதற்குள் திட்டமிட்டுச் செய்ய வேண்டும்.

எடை பார்க்கும்போதும் எடைத்துண்டைப் பொருத்தும்போதும் துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும், குழலுக்குள் பாதுகாப்பு நாடா செருகப்பட்டிருக்க வேண்டும், முனை இலக்கின் பக்கமே இருக்க வேண்டும், தள அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். உற்பத்தியாளர் தந்துள்ள எடைத்துண்டுகளைப் பொருத்துவதற்கு அப்பால் எந்த நிலையான மாற்றத்தையும் மன்றத்தின் ஆயுதப் பொறுப்பாளர் வழியாகவே செய்யுங்கள்.

அனைத்துலகத் துப்பாக்கி சுடுதல் சம்மேளன விதிகள் வரையும் எல்லைகள் இவை: 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி 1,500 கிராமைத் தாண்டக்கூடாது, டிரிகரின் இழுவிசை குறைந்தது 500 கிராம், துப்பாக்கி முழுவதும் 420 மி.மீ. நீளமும் 200 மி.மீ. உயரமும் 50 மி.மீ. அகலமும் உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். 25 மீட்டர்ப் போட்டிகளுக்கான கைத்துப்பாக்கிக்கு எல்லை 1,400 கிராம், டிரிகர் 1,000 கிராம், பெட்டி 300க்கு 150க்கு 50 மி.மீ. கைப்பிடி மணிக்கட்டைத் தாங்கக்கூடாது. சந்தையில் உள்ள காற்றுக் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் 900 முதல் 1,100 கிராமுக்குள் இருப்பதால், எல்லைக்குள் 400 முதல் 600 கிராம் வரை சேர்க்க இடம் இருக்கிறது. அந்த இடத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

இரண்டாம் படி: எடையைத் தொடுமுன் கைப்பிடியைச் சரிசெய்யுங்கள்

"சமநிலை சரியில்லை" என்று என்னிடம் வருவோரில் பெரும்பாலோருக்கு உண்மையில் சரியில்லாதது கைப்பிடிதான். கைப்பிடியின் சாய்வு உங்கள் மணிக்கட்டின் இயல்பான கோணத்துக்குப் பொருந்தாவிட்டால், துப்பாக்கி எவ்வளவு நேர்த்தியாகச் சமன்செய்யப்பட்டிருந்தாலும் முனை தாழ்ந்தோ உயர்ந்தோதான் நிற்கும். அதை எடைத்துண்டால் திருத்த முயல்வது, காலுக்குப் பொருந்தாத செருப்பில் பஞ்சு திணிப்பதைப் போன்றது.

சோதிக்கும் முறை எளிது. காலியான துப்பாக்கியைப் பிடித்து, இலக்கை நோக்கி நின்று, கண்களை மூடிக்கொண்டு கையை உயர்த்துங்கள். இரண்டு மூச்சு விட்டபின் கண்களைத் திறந்து, இலக்கைப் பார்க்காமல் குறிகளை மட்டும் பாருங்கள். முன்குறி பள்ளத்தின் நடுவே, மேல்விளிம்பு சமமாக நிற்க வேண்டும். பத்து முறை செய்து, ஒவ்வொரு முறையும் முன்குறி எங்கே நின்றது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எப்போதும் தாழ்ந்தே நின்றால் கைப்பிடியின் சாய்வை மாற்றுங்கள். இக்காலத் துப்பாக்கிகள் பலவற்றில் அதற்கென்றே திருகுகள் உள்ளன. எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்கினால் கைப்பிடியைச் சற்றுத் திருப்புங்கள். சில முறை மேலே, சில முறை கீழே என்று சிதறினால், உள்ளங்கை ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் உட்காருகிறது என்று பொருள். கீழே உள்ள உள்ளங்கைத் தாங்கியையும், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள வளைவையும் பாருங்கள்.

நம் ஊரின் ஈரப்பதத்தையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். குளிரூட்டப்பட்ட அறையில் கச்சிதமாகப் பொருந்தும் மரக் கைப்பிடி, காற்றோட்டமான 25 மீட்டர்த் தளத்தில் வியர்த்த கைக்குள் வழுக்கும். வழுக்கும் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்போம். இறுக்கினால் நடுக்கம் கூடும். நடுக்கத்தைக் கண்டு துப்பாக்கி லேசாக இருக்கிறது என்று எண்ணி எடை சேர்ப்போம். இந்தச் சங்கிலியை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். கைப்பிடியின் சொரசொரப்பை முதலில் சரிபாருங்கள், ஒவ்வொரு தொடருக்கும் இடையே கையைத் துடையுங்கள்.

மூன்றாம் படி: அளந்து எழுதுங்கள்

முஸ்தஃபா சென்டரில் கிடைக்கும் சாதாரண சமையலறை மின்தராசு போதும். 1 கிராம் துல்லியம் இருந்தால் நல்லது. போட்டியில் எப்படிச் சுடுவீர்களோ அப்படியே, காற்று உருளையையோ காலித் தோட்டாக்கூட்டையோ (மேகசின்) பொருத்திய நிலையில் எடை பாருங்கள். அடுத்து, துணி சுற்றிய உருண்டையான பென்சில் ஒன்றை மேசையில் குறுக்காக வைத்து, துப்பாக்கியின் அடிப்பகுதியை அதன்மேல் நகர்த்தி, இரு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். டிரிகரின் முன்பக்கத்திலிருந்து அந்த இடம் எத்தனை மில்லிமீட்டர் முன்னால் இருக்கிறது என்பதை அளந்து குறிப்பேட்டில் எழுதுங்கள். மொத்த எடை, சமநிலைப் புள்ளி ஆகிய இந்த இரண்டு எண்களும் இல்லாமல் செய்யப்படும் எந்த மாற்றமும் ஊகம் மட்டுமே.

காற்று உருளையின் பங்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது குழலுக்கு அடியில், கைக்கு முன்னால் தொங்குகிறது. நீளமான உருளைக்குப் பதில் குட்டையானதையோ, எஃகுக்குப் பதில் அலுமினியத்தையோ பொருத்தினால், எடைத்துண்டு எதையும் தொடாமலே சமநிலை பின்னோக்கி நகரும். மன்றத்தில் உருளைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவோர் எண்ணிட்டு, ஒரே உருளையைக் கேட்டு வாங்குவது நல்லது.

நான்காம் படி: மாற்றத்துக்கு முந்திய நிலை

எதையும் மாற்றுமுன், மூன்று பயிற்சி நாள்களில் தலா 60 முறை சுட்டு, ஒவ்வொரு பத்துக்குமான மதிப்பெண்ணையும், இலக்கில் குண்டுகள் மேலும் கீழுமாக எவ்வளவு பரவின, இடமும் வலமுமாக எவ்வளவு பரவின என்பதையும் தனித்தனியே எழுதுங்கள். மின்னணு இலக்கு இருந்தால் படத்தைச் சேமித்துக்கொள்ளலாம். ஸ்காட் (SCATT) போன்ற குறித்தடக் கருவி உங்கள் மன்றத்தில் இருந்தால் இன்னும் நல்லது. சுடுவதற்கு முந்திய கடைசி நொடியில் குறி எந்த வழியாக அலைந்தது என்பதை அது கோடாகவே வரைந்து காட்டும்.

60 என்ற எண்ணை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டுகளில் சிங்கப்பூரின் தியோ ஷுன் ஸியே பெண்கள் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றபோது பெண்களுக்கான தகுதிச் சுற்று 40 குண்டுகள். 2018 முதல் ஆண், பெண் இருபாலருக்கும் 60 குண்டுகள். அவற்றைச் சுட 75 நிமிடம். பாதித் தொலைவு கூடிய ஓட்டப்பந்தயத்துக்குப் பழைய காலணியே சரிவருமா என்று பார்க்க வேண்டியதைப் போல, 40 குண்டு வரை இதமாக இருந்த சமநிலை 60 வரை தாங்குமா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஐந்தாம் படி: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்

என் சொந்த அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், மன்றங்களுக்கிடையிலான ஒரு போட்டிக்கு முந்திய வாரம், முனையில் 60 கிராம் சேர்த்தேன். பயிற்சியில் முதல் முப்பது குண்டுகள் என் கை அதுவரை காணாத அமைதியுடன் இருந்தன. அதோடு நிறுத்திக்கொண்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன். போட்டியில் 38ஆவது குண்டு 7க்குப் போனது. அதன்பின் வந்தவை ஒன்றன்பின் ஒன்றாக ஆறு மணித் திசையில் இறங்கின. தோள் களைக்கவில்லை, மணிக்கட்டு களைத்திருந்தது. களைத்த மணிக்கட்டு முனையைத் தாழவிடும், கண்ணோ இலக்கின் கறுப்பையே பார்த்துக்கொண்டிருக்கும். முப்பதாவது குண்டோடு சோதனையை நிறுத்தியதுதான் நான் செய்த பிழை. மணிக்கட்டுக்குச் சேர்ந்த சுமை 14 சதவீதத்துக்கும் மேல் என்பதை அன்று நான் கணக்கிட்டிருக்கவில்லை.

எனவே, 15 முதல் 20 கிராம் வரையே ஒரு முறைக்குச் சேர்க்கவோ எடுக்கவோ செய்யுங்கள். முதலில் எடையைக் கூட்டாமல் இடத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்: ஏற்கெனவே உள்ள எடைத்துண்டை 3 செ.மீ. பின்னுக்கோ முன்னுக்கோ நகர்த்துங்கள். அதில் பலன் தெரியாவிட்டால்தான் மொத்த எடையைத் தொடுங்கள். சேர்ப்பதானால் முனையிலிருந்து தொடங்காமல், டிரிகர் வளையத்துக்குச் சற்று முன்னால் தாழ்வான இடத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே சேரும் எடை மணிக்கட்டை அதிகம் வருத்தாமல் துப்பாக்கியைக் கைக்குள் உட்கார வைக்கும். ஒவ்வொரு நிலையையும் குறைந்தது மூன்று நாள் முழு 60 குண்டுகளோடு சோதியுங்கள். புதிய சமநிலை முதல் நாளில் எப்போதும் நன்றாகவே தோன்றும். புதுமை கவனத்தைக் கூர்மையாக்குகிறது, அந்தக் கூர்மையின் பலனை எடைத்துண்டின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

பக்கவாட்டுச் சமநிலையில் பெரும்பாலான துப்பாக்கிகள் தொழிற்சாலையிலேயே சரியாக இருக்கும். எடைத்துண்டுகளை இருபக்கமும் ஒரே அளவாகப் பொருத்தினால் அது கெடாது.

ஆறாம் படி: இலக்கு சொல்வதைப் படித்தல்

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த குறிப்புகளை அருகருகே வையுங்கள். முன்குறி சிறிதாக, வேகமாகத் துடித்துக்கொண்டே இருந்து, குண்டுகள் எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறினால், முனைப்பக்கம் எடை போதவில்லை என்று கொள்ளலாம். ஆனால் பிடி இறுக்கத்தையும் காலையில் குடித்த காப்பியையும் முதலில் சந்தேகியுங்கள். முன்குறி நிதானமாக, பெரிய வளைவாக அலைந்து, நடுவுக்கு வந்தும் நிற்காமல் கடந்துபோனால், மொத்த எடை உங்கள் தோளுக்கு மிஞ்சியிருக்கிறது. முதல் நாற்பது குண்டுகள் நன்றாக இருந்து, கடைசி இருபது மட்டும் கீழே இறங்கினால், எடை மணிக்கட்டுக்கு மிகவும் முன்னால் இருக்கிறது. கடைசி இருபதும் கீழிறங்காமல் மேலும் கீழுமாக நீண்டு பரவினால், களைத்தது தோள். அதற்கு மருந்து உடற்பயிற்சி, எடைத்துண்டு அன்று.

வலக்கைக்காரருக்குக் குண்டுகள் இடப்பக்கமும் சற்றுக் கீழும் திரளும்போது, பெரும்பாலும் டிரிகர் இழுக்கும் விரலே காரணம். முனையில் எடை சேர்த்தால் அந்தத் திரள் நடுவை நோக்கிச் சிறிது நகரும், ஏனெனில் கூடிய நிலைமம் விரலின் பிழையை மறைக்கிறது. அதை நான் விரும்புவதில்லை. மறைந்த பிழை அழுத்தம் மிகுந்த இறுதிச் சுற்றில் மீண்டும் வெளிப்படும். விரலைத் திருத்தியபின் எடைக்கு வாருங்கள்.

கையை உயர்த்தியதிலிருந்து சுடும்வரை எத்தனை நொடி ஆகிறது என்பதும் ஓர் அடையாளம். குறி நிலைகொண்டபின் ஐந்து முதல் எட்டு நொடிக்குள் குண்டு போனால் சமநிலை உங்களோடு ஒத்துழைக்கிறது. பத்து நொடியைத் தாண்டி, கையை இறக்கி மீண்டும் உயர்த்துவது ஒரு தொடரில் மூன்று நான்கு முறை நேர்ந்தால், புதிய எடை உங்களைக் காத்திருக்க வைக்கிறது.

ஏழாம் படி: போட்டிக்குப் போட்டி மாறும் தேவை

காற்றுக் கைத்துப்பாக்கியில் பின்னுதைப்பு மிகக் குறைவு. அரை கிராம் பெல்லட் நொடிக்கு ஏறத்தாழ 155 மீட்டர் வேகத்தில் போகும்போது, ஒரு கிலோ துப்பாக்கி நொடிக்கு 8 செ.மீ. வேகத்தில்தான் பின்னால் வரும். ஆகவே இங்கே எடையின் வேலை குறியை நிலைநிறுத்துவது மட்டுமே. 5.6 மி.மீ. கைத்துப்பாக்கியில் 2.6 கிராம் குண்டு நொடிக்கு 320 மீட்டர் வேகத்தில் போவதாகக் கொண்டால், 1.2 கிலோ துப்பாக்கி நொடிக்குச் சுமார் 70 செ.மீ. வேகத்தில் உதைக்கும், காற்றுத் துப்பாக்கியைப்போல் எட்டு மடங்குக்கும் மேல். அதோடு அதன் டிரிகர் 1,000 கிராம், அதாவது ஏறத்தாழ துப்பாக்கியின் எடைக்குச் சமமான விசையை விரல் செலுத்துகிறது. காற்றுத் துப்பாக்கியில் அது பாதிதான். ஆதலால் 25 மீட்டரில் சற்று முன்கனமான துப்பாக்கி பெரும்பாலோருக்கு உதவுகிறது. அங்கே குறிகளுக்கிடையிலான தூரம் 220 மி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது என்பதால், முன்குறியின் 1 மி.மீ. விலகல் இலக்கில் 114 மில்லிமீட்டராகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

விரைவுச் சுடுதலில் கதை மாறுகிறது. 45 பாகைத் தாழ்நிலையிலிருந்து கையை உயர்த்தி, 8, 6, 4 நொடித் தொடர்களில் ஐந்து இலக்குகளையும் சுட வேண்டும். இலக்குகளின் மையங்களுக்கு இடையே 75 செ.மீ.; 25 மீட்டரிலிருந்து பார்த்தால் அது இரண்டு பாகைக்கும் குறைவான திருப்பம். முன்கனமான துப்பாக்கி உதைப்புக்குப்பின் விரைவில் தாழ்ந்து அமரும். ஆனால் அடுத்த இலக்கில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகும். இரண்டாம், மூன்றாம் இலக்குகளில் குண்டுகள் திருப்பத்தின் திசையில் வெளியே போனால் முனையிலிருந்து 20 கிராம் எடுங்கள். எடையைக் குறைப்பதைவிட, குழல் கைக்கு எவ்வளவு தாழ்வாக அமைந்திருக்கிறது என்பது இங்கே அதிகப் பயன் தரும்: குழல் தாழ்வாக இருந்தால் உதைப்பு முனையை மேலே தூக்காமல் நேராகக் கைக்குள் வரும். தோட்டாக்கூடு டிரிகருக்கு முன்னால் உள்ள துப்பாக்கிகளில், ஐந்து தோட்டாக்களின் சுமார் 17 கிராம் தொடர் முடிவதற்குள் முன்பக்கத்திலிருந்து குறைகிறது என்பதையும், காலிக் கூட்டோடு சமன்செய்வோர் கவனிக்க வேண்டும்.

ஐபிஎஸ்சி வகை இயங்குநிலைச் சுடுதலில் (நகர்ந்தபடி பல இலக்குகளை விரைவாகச் சுடும் போட்டி) 9 மி.மீ. துப்பாக்கிகளின் எடை வேறுபாடு இன்னும் பெரிது: கிளாக் 17 தோட்டாக்கூடு இன்றிச் சுமார் 625 கிராம், முழு எஃகான சிஸெட் ஷேடோ 2 ஏறத்தாழ 1.33 கிலோ. 8 கிராம் குண்டை நொடிக்கு 310 மீட்டர் வேகத்தில் செலுத்தும் 800 கிராம் துப்பாக்கி 3.8 ஜூல் ஆற்றலோடு உதைத்தால், 1,400 கிராம் துப்பாக்கி 2.2 ஜூலோடுதான் உதைக்கும். ஆயினும் எஃகுத் துப்பாக்கியை இடுப்பு உறையிலிருந்து உருவவும் இலக்குகளுக்கிடையே நிறுத்தவும் கூடுதல் வலு வேண்டும். 15 தோட்டாக்கள் ஏறத்தாழ 180 கிராம். நெகிழித் துப்பாக்கியில் நிறைந்த நிலையின் ஐந்தில் ஒரு பங்கு எடை சுடச் சுடக் கைப்பிடிக்குள்ளிருந்து வெளியேறி, சமநிலை முன்னோக்கி நகர்கிறது.

எட்டாம் படி: துப்பாக்கி இல்லாத நாள்களில்

வீட்டில் துப்பாக்கியை ஒத்த பொம்மையையோ போலியையோ வைத்துப் பயிற்சி செய்ய நினைக்காதீர்கள். நம் சட்டம் அவற்றையும் கவனிக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒரு கிலோ. அதன் கழுத்தைப் பிடித்துக் கையை நீட்டி, 15 நொடி நிறுத்தி, 45 நொடி ஓய்வெடுத்து, இருபது முறை செய்யுங்கள். மணிக்கட்டுக்குத் தனிப் பயிற்சி வேண்டும்: ஒரு கழியின் முனையில் 200 கிராம் பையைக் கட்டி, முன்கையை மேசையில் வைத்துக்கொண்டு கழியைக் கிடையாக நிறுத்துங்கள். ஆறு வாரம் இதைச் செய்த பின்னரே துப்பாக்கியில் 20 கிராம் சேர்ப்பது நியாயம். வளரும் பிள்ளைகளுக்கு இதை இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். தோளும் முழங்கையும் முதிராத வயதில் மன்றத்திலுள்ள மிக லேசான துப்பாக்கியையே கொடுங்கள்.

ஒன்பதாம் படி: போட்டி நாளுக்கு முன்

உபகரணச் சோதனையில் துப்பாக்கியை எடை போடுவார்கள், பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பார்கள், டிரிகரில் சோதனை எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். எல்லையை ஒட்டி அமைப்போர், மன்றத்தின் தராசுக்கும் போட்டித் தராசுக்கும் வேறுபாடு இருக்கலாம் என்பதால் 20 கிராமாவது விட்டுவையுங்கள். கடைசி இரண்டு வாரங்களில் சமநிலையைத் தொடாதீர்கள். எடைத்துண்டின் திருகை இறுக்கியபின், திருகின் தலையிலிருந்து துண்டின் மேல்வரை வெள்ளை மையால் மெல்லிய கோடு ஒன்று போடுங்கள்; அதிர்வில் திருகு தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும்.

தொடக்கத்தில் சொன்ன அந்த மாணவிக்கு நாங்கள் புதிய துப்பாக்கி எதையும் தேடவில்லை. கைப்பிடியின் சாய்வை ஒரு கோடு மாற்றினோம், முனைக்கு அருகில் இருந்த 30 கிராம் துண்டை 6 செ.மீ. பின்னால் நகர்த்தினோம். தராசு அதே 985 கிராமையே காட்டியது. மூன்றாம் நாள் அவர் குறிப்பேட்டில் ஆறாவது பத்தின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் "முன்குறி நிக்குது" என்று எழுதியிருந்தார். வெள்ளைக் கோட்டை அன்று மாலைதான் போட்டோம்.